எல்டர் தம்பிகள், சிஸ்டர் தங்கச்சிகள்!

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டு சைக்கிள். அமெரிக்கத் தெருக்களில் இந்த ஜோடி வருவது தெரிந்தாலே, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் உண்டு. சரி, கதவு திறக்காத வாசலிலிருந்து இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்? யாரோடு முட்டிக்கொள்கிறார்கள்? வாங்க, கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்!

முதலில், இவர்கள் பொடிசுகள். மார்மன்கள் என்று ஊர் அழைக்கும் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' 2012இல் வயது வரம்பைக் குறைத்ததும், பள்ளிக்கூடம் முடித்த கையோடு 18 வயதுப் பையன்கள் மதம் பரப்பும் மிஷனரிகளாகக் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். மீசை சரியாக முளைக்காதவனும் பட்டையில் 'எல்டர்', அதாவது மூத்தவர்தான்! பையன்களுக்கு இரண்டு வருஷம், 'சிஸ்டர்' என்ற பட்டையோடு வரும் பெண்களுக்கு 18 மாதம். சம்பளமா? மூச்! அமெரிக்கப் பிள்ளை என்றால் 2020 முதல் மாதம் 500 டாலர் வீட்டிலிருந்தோ சொந்தச் சேமிப்பிலிருந்தோ கட்ட வேண்டும்.

எந்த ஊர் என்று கேட்டு வாங்கவும் முடியாது. அந்தச் சேதி வருகிற நாள் இருக்கிறதே, அது தனிக் கொண்டாட்டம். முன்பெல்லாம் தபாலில் பெரிய வெள்ளை உறை வரும். 2018 முதல் இணையத்திலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் சொந்தபந்தம் மொத்தமும் கூடத்தில் கூடி, பிரேசிலா, ஜப்பானா, பெங்களூரா என்று ஆளுக்கொரு ஊரைச் சொல்லும் கூத்து ஓயவில்லை. (பெங்களூரிலும் 1993 முதல் ஒரு மிஷன் இருக்கிறது.) அரசியல்வாதி மிட் ராம்னிக்கு 1966இல் விழுந்த சீட்டு பிரான்ஸ்! ஒயின் தேசத்தில் போய், மதுவைத் தொடாத மதத்தைப் பரப்ப வேண்டும். பாவம்தானே?

இனிதான் சுவாரஸ்யமே. ஒவ்வொருவருக்கும் ஒரு 'கம்பேனியன்'. சாப்பாடு, படிப்பு, கடைத்தெரு எல்லாம் அவரோடுதான். ஒரே அறையில் தூக்கம். தனியாக இருக்கக் குளியலறை ஒன்றுதான் கதி. யார் அந்த ஜோடி என்று மேலிடம் முடிவுசெய்யும். காலை ஆறரைக்கு அலாரம் அடித்ததும் ஒருவன் தண்டால் எடுக்க, இன்னொருவன் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடப்பான். ஒருவனுக்குப் பாத்திரம் உடனே கழுவியாக வேண்டும். மற்றவனுக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணமானவர்களுக்குப் பழக்கமான வழக்குகள்தான். இங்கே கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாது, அவ்வளவே! பிரசங்கத்தைவிட இதுதான் பெரிய பயிற்சி என்பது என் கட்சி. நல்லவேளை, ஆறு வாரத்துக்கொரு முறை 'டிரான்ஸ்ஃபர்' வரும். ஜோடி மாறலாம், ஊரும் மாறலாம். சேதி வரும்வரை சபை முழுக்க ஒரே கிசுகிசு.

இவர்களுக்குள் ஓடும் குசும்பும் தனி. புதுசாக வந்தவன் 'கிரீனி'. அவனுக்குப் பயிற்சி தருகிறவன் 'அப்பா'. காலம் முடிந்து ஊருக்குப் போவது 'சாவு'! கடைசி ஜோடிதான் ஆளைக் 'கொன்ற' புண்ணியவான்.

வாரத்தில் ஒரு நாள் 'பி-டே', அதாவது தயாரிப்பு நாள். துணி துவைத்து, மளிகை வாங்கி, முடி வெட்டிக்கொண்டு, மிச்ச நேரத்தில் சபைக் கட்டடத்திலேயே இருக்கும் கூடைப்பந்துத் தளத்தில் ஆட்டம். அன்றுதான் அம்மாவுக்கு போனும். 2019க்கு முன்பு வீட்டோடு பேச வருஷத்தில் கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும் மட்டும்தான். இப்போது வாராவாரம் வீடியோவிலேயே பேசலாம். எந்த மகராசி அழுது தீர்த்து வாங்கிய சலுகையோ!

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இவர்கள் ராஜாக்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஒரு தாள் கைமாறிக்கொண்டே போகும். எந்த நாள் எந்த வீட்டில் இரவுச் சாப்பாடு என்று அதில் பெயர் எழுத வேண்டும். கூட்டம் முடிவதற்குள் கட்டங்கள் நிரம்பிவிடுகிற சபைகள் உண்டு. ஆள் குறைந்த சபைகளில் தாள் இரண்டாவது சுற்றும் வரும். போகிற வீட்டிலெல்லாம் இரண்டாம் தடவை தட்டை நீட்டியே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் பாட்டிமார் முகம் வாடிவிடும். பேன்ட் இறுக்கத்தை சைக்கிள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் காபி மட்டும் நீட்டிவிடாதீர்கள். டீயும் ஆகாது. கும்பகோணம் டிகிரி காபியே வந்தாலும் சிரித்துக்கொண்டே தண்ணீர் கேட்பார்கள். ஐஸ்கிரீம் என்று சொல்லிப் பாருங்கள், எந்த எல்டரும் மறுக்க மாட்டார்!