குழம்பின் அடியில் தங்கும் பருப்பு

நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பந்தியிலே என் அருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பாயசம் வந்தபோது கையமர்த்திவிட்டார். "சர்க்கரை வியாதி, தம்பி, இனிப்பைத் தொடுவதில்லை" என்றார். ஆனால் சோற்றை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டார். அவர் இலையிலே பருப்பு இருந்த இடம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே. மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே அச்சிரிப்பை விழுங்க நேர்ந்தது. ஆண்டுப் பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை செவ்வையாகவே இருந்தது. குளுக்கோஸ் கரைசலை அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தமோ 168 என்று காட்டிற்று. அது 140-க்குக் கீழ் இருக்க வேண்டும். 200-ஐ எட்டினால் நீரிழிவு. இடைப்பட்டது அந்நோயின் வாசற்படி. முப்பத்தைந்து வயதில் நான் அவ்வாசற்படியில் நிற்கிறேன். துணைக்கு ஆட்கள் இல்லாமலில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெயரால் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கணித்துள்ளது.

"சோற்றைக் குறையுங்கள், பருப்பைக் கூட்டுங்கள்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். சோற்றைக் குறைப்பதன் காரணம் எனக்கு விளங்கிற்று. பருப்பைக் கூட்டுவானேன்? சர்க்கரைக்கும் பருப்புக்கும் என்ன உறவு? மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா நான். நூல்களைப் புரட்டி எனக்கு விளங்கிய அளவே இங்கு எழுதுகிறேன்.

உண்ட சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலில் விரைவாகக் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. கணையம் உடனே இன்சுலினைச் சுரந்து, அச்சர்க்கரையைத் தசைகளும் கல்லீரலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்கிறது. தட்டு நிறையச் சோறும் தண்ணீர் போன்ற சாம்பாருமாக உண்டால், கூட்ஸ் யார்டுக்குள் நான்கு வண்டிகள் ஒரே வேளையில் நுழைந்தது போலாகும். லைன் கிளியர் கொடுப்பவன் எவ்வளவு சமர்த்தனாயினும் தடுமாறத்தான் செய்வான். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நடந்தால் கணையம் களைத்துப்போகிறது. தசைகளும் இன்சுலினின் சொல்லை மதிப்பதில்லை.

பருப்பின் புரதம் வேறு விதமாக வேலை செய்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. இரைப்பையில் பெப்சின் அதனைத் துண்டாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலில் டிரிப்சின் முதலியன அவ்வேலையை முடிக்கின்றன. அத்துண்டுகள் குடற்சுவரின் சில செல்களைத் தொட்டவுடன், ஜி.எல்.பி.-1 முதலான ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவை இன்சுலின் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுகின்றன. 'போதும்' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தையும் தணிக்கின்றன. அதாவது, வண்டிகளை அவுட்டர் சிக்னலில் நிறுத்தி ஒவ்வொன்றாக உள்ளே விடும் வேலை. இஃதன்றி, அமினோ அமிலங்களே நேராகவும் கணையத்தைத் தூண்டுகின்றன.

இன்னொரு செலவுக் கணக்கும் உண்டு. உண்ட உணவைச் செரித்து ஒழுங்குபடுத்துவதற்கே உடல் சிறிது சக்தியைச் செலவிடுகிறது. 100 கலோரி கொழுப்புக்கு அச்செலவு 3-க்கு மேற்படாது; மாவுச்சத்துக்கு 5 முதல் 10 வரை; புரதத்துக்கோ 20 முதல் 30 வரை.

பெருமை முழுவதையும் புரதத்துக்கே கொடுத்துவிடுதல் நியாயமாகாது. பயறுகளில் மாவுச்சத்தும் நிறைய உண்டு. ஆயினும் அது கெட்டியான செல் சுவர்களுக்குள் நார்ப்பொருளோடு அடைபட்டிருப்பதால் மெல்லவே கரைகிறது. டொராண்டோவில் ஜென்கின்ஸ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 1981-இல் உணவுகளுக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். குளுக்கோஸ் சர்க்கரையை ஏற்றும் வேகத்தை 100 என்று வைத்தால், வெள்ளைச் சோறு சராசரியாக 73, மசூர்ப் பருப்பு 32, கொண்டைக்கடலை 28 என்று பிற்கால அட்டவணைகள் கூறுகின்றன. அரிசியின் வகைக்கேற்ப இது மாறும். அதே குழுவினர் 1982-இல் வெளியிட்ட செய்தி எனக்குப் பெரும் வியப்பை அளித்தது: காலையில் மசூர்ப் பருப்பு உண்டவர்களுக்கு, பிற்பகல் உணவுக்குப் பின்னும் சர்க்கரை குறைவாகவே ஏறியதாம்!

செல் சுவர் உடைந்தால் இந்த நன்மையிற் பெரும்பகுதி போய்விடும். ஆகவே கடலை மாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜியைக் காட்டி, "இதுவும் கொண்டைக்கடலைதானே" என்று வாதாட வேண்டாம். நான் வாதாடிப் பார்த்துவிட்டேன்; வீட்டில் எடுபடவில்லை.

இனி நம் அடுப்பங்கரைக் கணக்குக்கு வருவோம். நால்வர் உள்ள வீட்டில் ஒரு வேளைச் சாம்பாருக்கு 75 கிராம் துவரம்பருப்பு போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் புரதம் சுமார் 16 கிராம், ஆளுக்கு 4. ஒருவர் 150 கிராம் அரிசியைச் சோறாக உண்டால் அதிலேயே 11 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது! பருப்புக் குழம்பென்று நாம் பெருமை பேசுவதைவிட வெறுஞ்சோறு அதிகம் தருகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் பருப்பு, பயறு வகை 85 கிராம் இருக்கட்டும் என்கிறது. நம்மில் எத்தனை பேர் இலையில் இதன் பாதியாவது விழுகிறது?

இங்கே மும்பையில் நம் அண்டை வீட்டு மராத்தியர்களைப் பாருங்கள். அவர்களுடைய 'வரண்' சோற்றின்மீது ஓடாது, நிற்கும். மட்கி என்னும் பயறை முளைகட்டி 'உஸள்' செய்து காலையிலேயே உண்கிறார்கள். நம்மிடம் மட்டும் குறையா என்ன? சுண்டல், அடை, பருப்புசிலி, பயற்றங்கஞ்சி எல்லாம் நம் பாட்டிமார் பழக்கந்தான். சுண்டலை நவராத்திரிக்கும், அடையை விருந்தினர் வரும் நாளுக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நாட்களைத் தோசையிடம் ஒப்படைத்துவிட்டோம். கலியாணப் பந்தியிலே முதலில் பருப்பும் நெய்யும் பரிமாறும் முறையும் உண்டு. 2015-இல் நியூயார்க்கில் நீரிழிவுள்ள பதினொருவருக்கு ஒரே உணவை இரு விதமாகக் கொடுத்துப் பார்த்தனர். கோழியிறைச்சியையும் காய்கறியையும் முதலில் உண்டு, ரொட்டியையும் பழச்சாற்றையும் கால் மணி கழித்து உண்ட நாளில், ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. அங்கே கோழி, நமக்குச் சுண்டலும் பொரியலும். அதே அளவு பலன் கிடைக்குமென்று நான் உறுதி கூற மாட்டேன். எனினும் இரவில் முதலில் ஒரு கிண்ணம் சுண்டலை உண்டபின் சோற்றுக்குச் செல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டாவது கரண்டிச் சோறு கேட்கும் ஆசை தானாகவே தணிந்துவிடுகிறது.

சில செய்திகளையும் சொல்லியாக வேண்டும். பயறுகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. அரிசியில் இதற்கு நேர்மாறு. ஆகவே அரிசியை அறவே துறக்க வேண்டியதில்லை. உளுந்தும் அரிசியும் சேர்ந்த இட்லியில் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பயறுகளை ஊறவைத்து நன்றாக வேகவைக்க வேண்டும். பச்சைப் பயற்றில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் உண்டு, அது வெப்பத்தில் அழியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் பருப்பைக் கூட்டலாகாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கக்கூடும்.

இவ்வளவும் எழுதிய பின் ஒருநாள் இரவு, எங்கள் வீட்டுச் சாம்பார்ப் பாத்திரத்தைக் கவனித்தேன். என் மனைவி கரண்டியை அடிவரை விட்டு, பருப்பாக அள்ளி எனக்கும் குழந்தைகளுக்கும் ஊற்றினாள். எல்லோரும் எழுந்த பிறகு, பாத்திரத்தில் எஞ்சிய புளித்தண்ணீரைப் பெருஞ்சோற்றில் விட்டுப் பிசைந்து உண்டாள். பதினோராண்டுகளாக இப்படித்தான் நடந்திருக்கிறது. என் கண்ணில் அன்றுதான் பட்டது. இரண்டாவது பிரசவத்தின்போது அவளுக்குச் சர்க்கரை சிறிது ஏறியிருந்தது. அவ்வாறு ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் நான் புரட்டிய அதே நூல்களில் இருந்தது. பிரசவத்துக்குப் பின் அவள் ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொண்டதில்லை.

இப்பொழுது பருப்பு வெந்தவுடன் ஒரு கிண்ணம் அவளுக்கென்று எடுத்து வைத்துவிடுகிறோம். வரும் திங்கட்கிழமை விடுப்புப் போட்டிருக்கிறேன். இருவருமாக இரத்தம் கொடுக்கப் போகிறோம்.