ஜிவ்வுனு ஓர் ஆங்கிலம்!

முழங்கை பெஞ்சுல இடிச்சா கை முழுக்க ஜிவ்வுனு ஏறுமே, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'டிங்கில்' என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். ஸ்காட்லாந்துக்காரங்க 'டிர்ல்'னு சொல்வாங்க. கூரை அதிர்ந்தாலும் அதே 'டிர்ல்'தான்! ராபர்ட் பர்ன்ஸ் 1790-இல் எழுதிய 'டாம் ஓ ஷேன்டர்' கவிதையில் இச்சொல் வருகிறது. 'டின்னில்' என்று இன்னொரு சொல். மணியோசையின் அதிர்வுக்கும் அதுதான், குளிரில் விரல் விண்விண்ணுனு தெறிப்பதற்கும் அதுதான். உடம்பு வெடவெடன்னு நடுங்கினால் வட இங்கிலாந்தில் 'டிடர்'.

ஒரு வேடிக்கை! 'த்ரில்' என்றால் முதலில் துளைப்பது என்றே பொருள். மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' அதன் சொந்தக்காரச் சொல்!

இப்படிப்பட்ட வட்டாரச் சொற்களைத் திரட்டி, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக அகராதி வெளியிட்டவர் ஜோசப் ரைட். சின்ன வயசுலயே மில் வேலைக்குப் போனவர். 15 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது! பிறகு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரே ஆனார். 'பட்டிக்காட்டுப் பேச்சு'ன்னு மற்றவங்க சிரிச்ச சொற்களுக்கு அகராதியில் இடம் கொடுத்தார்.

பாடப்புத்தகத்தில் இல்லை என்பதற்காக ஒரு சொல் தப்பாகிவிடாது என்று நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?