வடசென்னைக் குடிசைத் தீவிபத்துகளும் மீள்குடியேற்றமும்

வடசென்னைக் குடிசைத் தீவிபத்துகள் என்பவை இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே நேரத்தில் பல வீடுகளை எரித்துவிடும் தீவிபத்துகளைக் குறிக்கும். இத்தகைய தீ பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதற்குப் பின்னான மீள்வாழ்வு பல மாதங்களும், சில வேளைகளில் பல ஆண்டுகளும் நீடிக்கிறது. ஒரு குடும்பம் எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பது எரிந்த பொருள்களின் மதிப்பைக் காட்டிலும் இரண்டு செய்திகளையே பெரிதும் சார்ந்துள்ளது. ஒன்று, அக்குடும்பம் அங்கு வாழ்ந்ததற்கான சான்று. மற்றொன்று, அதே இடத்திலோ அதன் அருகிலோ மீண்டும் வீடு அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு.

பின்னணி

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே கடற்கரையை ஒட்டி நீளும் இப்பகுதி, மீனவக் குப்பங்களும் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பரப்பாகும். தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் 1856இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணூரில் வாகனத் தொழிற்சாலையும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூர் அனல் மின் நிலையமும் (1970-2017) ஏற்பட்டன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. சுமை தூக்குவோர், ஆலைக் கூலிகள், மீன் வணிகம் செய்யும் பெண்கள் ஆகியோர் பணியிடத்திற்கு நடந்து செல்லும் தொலைவில், பெரும்பாலும் புறம்போக்கு நிலங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் தொடர்வண்டிப் பாதை ஓரங்களிலும் குடிசை அமைத்துக்கொண்டனர். தனி நகராட்சிகளாக இருந்த திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன.

காரணங்கள்

குடிசைத் தீவிபத்துகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் பின்வருமாறு:

- மண்ணெண்ணெய் அடுப்பு அல்லது விளக்கு கவிழ்தல்
- எரிவாயு உருளையில் கசிவு
- ஒரே இணைப்பிலிருந்து பல வீடுகளுக்கு இழுக்கப்பட்ட மின்கம்பிகளில் ஏற்படும் மின்கசிவு
- மின்வெட்டின்போது ஏற்றி வைக்கப்படும் மெழுகுவர்த்தி
- தீபாவளிக் காலத்தில் கூரையில் வந்து விழும் வாணவெடிகள்

தமிழ்நாடு அரசு 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியதையடுத்து மண்ணெண்ணெய் அடுப்புகளின் பயன்பாடு குறையத் தொடங்கியது. எனினும் நெருக்கடியான குடியிருப்பில் ஒரு வீட்டின் உருளை வெடித்தால் அது அடுத்த வீடுகளையும் பாதிக்கிறது.

தீ பரவும் விதம்

பின்னிய தென்னங்கீற்று, பனையோலை, மூங்கில், தார் அட்டை, நெகிழித் தாள் ஆகியன குடிசைகளின் முதன்மையான கட்டுமானப் பொருள்களாகும். கோடைக்காலத்தில் நன்கு காய்ந்த கீற்று மிக விரைவாகத் தீப்பற்றும். எரியும் கீற்றுத் துண்டுகள் வெப்பக் காற்றினால் மேலே எழும்பி, காற்று வீசும் திசையில் உள்ள கூரைகளின்மீது விழுகின்றன. இதனால் இடையில் உள்ள வீடுகளைத் தாண்டியும் புதிய தீ தோன்றக்கூடும். காட்டுத்தீ புறநகர்க் குடியிருப்புகளுக்குள் நுழைவதும் இதே முறையில்தான். வடசென்னையில் பிற்பகலில் வீசும் கடற்காற்று இப்பரவலை விரைவுபடுத்துகிறது.

சந்துகள் குறுகலானவையாதலால் தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் முதன்மைச் சாலையிலேயே நின்று, குழாய்களை நீட்டித்து நீரைப் பாய்ச்ச வேண்டியுள்ளது. வண்டி வந்து சேருமுன் குடியிருப்போர் இன்னும் எரியாத சில வீடுகளின் கூரைகளைப் பிரித்துப் போட்டு இடைவெளி உண்டாக்குவர். சில வீடுகளை இழந்து பல வீடுகளைக் காக்கும் இம்முறை, காட்டுத்தீயைத் தடுக்க மரங்களை அகற்றித் தீத்தடுப்புப் பாதை அமைப்பதற்கு ஒப்பானது.

ஆவண இழப்பு

தீவிபத்துக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் பாதிக்கப்பட்டோர் அருகிலுள்ள பள்ளி, சமுதாயக் கூடம் அல்லது திருமண மண்டபத்தில் தங்க வைக்கப்படுகின்றனர். வருவாய்த் துறையினர் எரிந்த வீடுகளைக் கணக்கெடுப்பர். இக்கணக்கெடுப்பே அடுத்து வரும் உதவிகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தை அடையாளம் காணக் குடும்ப அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, ஆதார் அட்டை போன்றவை கோரப்படுகின்றன. ஆனால் இவை தகரப் பெட்டியிலோ கூரைச் செருகலிலோ வைக்கப்பட்டிருப்பதால் வீட்டுடன் சேர்ந்து எரிந்துவிடுகின்றன. எண் பதிவாகியுள்ள அட்டைகளின் நகலைப் பெறுவது ஓரளவு எளிது. வாடகைக்குக் குடியிருப்போர், ஒரே கூரையின்கீழ் வாழும் திருமணமான மகன் அல்லது மகளின் குடும்பம், சொந்த ஊர் முகவரியிலேயே அட்டை வைத்திருப்போர் ஆகியோருக்கு இது கடினமாகிறது. ஒரு வீடு எரிந்ததாகக் கணக்கிடப்படும்போது அதில் வாழ்ந்த இரண்டாவது குடும்பம் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம்.

மாணவர்களுக்கு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் இழப்பு பெரிய தடையாகிறது. கோடைக்காலத் தீவிபத்துகள் தேர்வுகளும் கல்லூரிச் சேர்க்கையும் நடைபெறும் மாதங்களில் நேர்வதால் இத்தடை மேலும் கூடுகிறது. இவற்றின் நகல்களை வெவ்வேறு அலுவலகங்களில் தனித்தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதற்காகச் செலவாகும் ஒவ்வொரு நாளும் தினக்கூலிக் குடும்பத்திற்கு ஒரு நாள் வருமான இழப்பாகும்.

நிவாரணமும் மீளக் கட்டுதலும்

குடிசையை இழந்த குடும்பத்திற்கு அரசு ரொக்கத் தொகை, அரிசி, வேட்டி, சேலை ஆகியவற்றை வழங்குவது வழக்கம். சேதமடைந்த குடிசைக்கான 5,000 ரூபாய் நிவாரணத் தொகை, 2023 டிசம்பரில் மிக்சாம் புயலையொட்டி 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை வீட்டைக் கணக்கில் கொண்டதே அன்றித் தொழிற்கருவிகளைக் கணக்கில் கொண்டதன்று. மீனவர் வீட்டில் வைக்கப்பட்டிருக்கும் நைலான் வலை, தையற்காரரின் இயந்திரம், இட்டிலிக் கடை நடத்துபவரின் பாத்திரங்கள் ஆகியவை எரியும்போது வருமானமும் நின்றுவிடுகிறது. அவற்றை மீண்டும் வாங்கப் பலர் வட்டிக்குக் கடன் பெறுகின்றனர்.

பெரும்பாலான குடும்பங்கள் சில நாட்களிலேயே எரிந்த இடத்திற்குத் திரும்பிக் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது அவசரமாகத் தோன்றலாம். ஆனால் பட்டா இல்லாத நிலத்தில், அங்கு வாழ்ந்து வருவது ஒன்றே அவர்களுடைய உரிமைக்கு ஆதாரமாக உள்ளது. இடத்தை விட்டு விலகினால் திரும்ப இயலாது என்ற அச்சமே இவ்விரைவுக்குக் காரணமாகும். இவ்வாறு மீண்டும் கீற்றாலும் தார்ப்பாயாலும் கட்டப்படும் வீடு, அடுத்த தீவிபத்துக்கும் இடமளிக்கிறது.

அரசின் வீட்டுத் திட்டங்கள்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும், 1985இல் மேலும் 17 பகுதிகளும் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1970களில் வாரியம் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில் பெரிய குடியிருப்புகள் எழுந்தன. வாரியத்தின் பெயர் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் வீடிழந்த வடசென்னை மீனவக் குடும்பங்கள் பல, திருவொற்றியூர் கார்கில் நகரில் அமைக்கப்பட்ட தற்காலிகக் குடில்களில் தங்க வைக்கப்பட்டன. நெருக்கமாக அமைந்த அக்குடில்களில் மழைக்காலத்தில் நீர் தேங்கியது, தீவிபத்தும் நேர்ந்தது. கடலால் வீடிழந்தவர்கள் தீயாலும் இழப்பைச் சந்தித்தனர். பின்னர் ஒரு பகுதியினருக்கு எர்ணாவூரில் நிலையான குடியிருப்புகள் கட்டப்பட்டன. வேறு சிலருக்குச் செம்மஞ்சேரியில் வீடு ஒதுக்கப்பட்டது. திருவொற்றியூரிலிருந்து செம்மஞ்சேரி 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்திற்கு வர வேண்டிய ஒருவருக்கு, தீப்பிடிக்காத உறுதியான வீடு கிடைத்தும் தொழில் கைவிட்டுப் போகும் நிலை இதனால் ஏற்படுகிறது.

பிற நாடுகளில்

ஆங்காங்கின் சேக் கிப் மேய் குடிசைப் பகுதியில் 1953 டிசம்பர் 25 இரவு ஏற்பட்ட தீயில் ஏறத்தாழ 53,000 பேர் வீடிழந்தனர். அதே இடத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடிகள் அந்நகரின் பொது வீட்டுத் திட்டத்திற்குத் தொடக்கமாக அமைந்தன. சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீயில் 1961 மே 25 அன்று நேர்ந்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எரிந்த இடத்திலும் அதன் அருகிலும் விரைவாகக் குடியிருப்புகளை எழுப்பியது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் குடிசைகளை அதே நிலத்தில் வரிசைப்படுத்தி, இடையே தீயணைப்பு வண்டி செல்லும் வழி விட்டு அமைக்கும் முறை பின்பற்றப்படுகிறது.

தடுப்பு

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. வீடுகளில் கீற்றுக்கு மாற்றாகக் கல்நார் மற்றும் இரும்புத் தகடுகள் பெருகியுள்ளன. எரியாத கூரை, வீட்டு வரிசைகளுக்கு இடையே வண்டி செல்லும் வழி, வீட்டுக்கு ஒரு முறையான மின்னிணைப்பு, சந்து முனையில் நீர்த்தொட்டி ஆகியவை தீ பரவுவதைக் குறைக்கும். ஆவணங்களின் படிகளை வேறிடத்தில் வசிக்கும் உறவினர் வீட்டிலோ 2015இல் தொடங்கப்பட்ட மின்னணு ஆவணப் பெட்டகத்திலோ சேமித்து வைப்பது மீள்வாழ்வை விரைவுபடுத்தும். தீயணைப்புத் துறையை அழைப்பதற்கான எண் 101 ஆகும்.