தட்டுவதற்கு முன்பே தெரியும் மெகாபைட்

நூலகம் இணையத்தளத்தில் ஒரு பழைய ஈழத்துச் சஞ்சிகையின் பக்கத்தைத் திறந்தால் அசையும் விளம்பரம் எதுவும் குறுக்கே வராது. நூலக எண், வெளியீடு, மொழி, பக்கங்கள் என்று ஒரு சிறு அட்டவணை. அடுத்து ‘வாசிக்க’ என்ற தலைப்பு. அதன் கீழே இதழின் பெயர், அருகில் கோப்பின் வடிவமும் அது எத்தனை மெகாபைட் என்பதும்.

ரீலோட் போட்ட டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வடமராட்சி மாணவிக்கு அந்தச் சிறிய எண் பெரிய உதவி. இப்போதே இறக்குவதா, வைஃபை கிடைக்கும் வரை பொறுப்பதா என்பதைத் தட்டுவதற்கு முன்பே அவர் தீர்மானித்துவிடலாம். நல்ல வடிவமைப்பின் முதல் இலக்கணமே இதுதான்: வருபவரின் நேரத்தையும் பணத்தையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளாமை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த சமூகத்தில் 2005இல் தொடங்கிய எண்ணிம நூலகமே இந்த இணையத்தளம். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளிலேயே இதுவும் இயங்குகிறது. கணக்குத் தொடங்காமல், காசு கட்டாமல் வாசிக்கலாம்.

இன்னொரு நுட்பம் எளிதில் கண்ணில் படாது. ஸ்கான் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம்; எழுத்தாக மாற்றாதவரை அதிலுள்ளதைத் தேடுபொறி அறியாது. அதனால்தான் பல இதழ்களின் உள்ளடக்கப் பட்டியலைத் தன்னார்வலர்கள் யுனிகோட்டில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சிறுகதையின் பெயர் மட்டும் நினைவிருப்பவர்கூட அது வந்த இதழைப் போய்ச் சேர்கிறார்.

யுனிகோட்டின் அருமை பாமினி எழுத்துருக் காலத்தைக் கண்டவர்களுக்கு நன்றாகவே தெரியும். பாமினியில் தட்டச்சு செய்த தமிழ், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே கிடந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் செய்தி முழுவதும் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழில் தேடினாலும் அகப்படாது. எத்தனை அழகாகப் பக்கம் அமைத்தாலும் வாசகருக்கு அது மூடிய கதவுதான்.

காத்திருப்புக்கும் கணக்கு உண்டு. பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதியபடி, ஒரு நொடிக்குள் பதில் வந்தால் எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து நொடியைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். எழுத்தும் அட்டவணையுமாக அமைந்த இலேசான பக்கத்துக்கு வேகமற்ற இணைப்பே போதும்.

ஆனால் பக்கத்தைத் தாண்டிக் கோப்புக்குள் போனால் சிரமம் தொடங்குகிறது. கைத்தொலைபேசித் திரையில் பழைய பத்திரிகையின் பத்திகள் எறும்பளவு தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுக்க வேண்டும். படத்தை எழுத்தாக மாற்றினால்தான் வரிகள் திரையின் அகலத்துக்கு மடங்கும். அதைச் செய்யும் மென்பொருள்கள் இன்றைய அச்சைப் பெருமளவு சரியாக வாசிக்கின்றன. மங்கிய மையிலும், ‘லை’, ‘னை’ முதலியவற்றின் பழைய வடிவங்களிலும் இன்னும் தடுமாறுகின்றன. அவற்றைத் திருத்த மனிதக் கண் வேண்டியிருக்கிறது.