தோல்விக்குப் பிறகும் நடப்பவர்கள்: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சொல்லும் பாடம்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் மஹல்லாக்களில் சில வீடுகளில் இனிப்பு வழங்கப்படுகிறது. சில வீடுகளில் கதவு சாத்தியே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவர், நீட் தேர்வில் இரண்டாம் முறையும் இடம் கிடைக்காதவர், டி.என்.பி.எஸ்.சி. தேர்வை மூன்றாவது தடவை எழுதியும் பட்டியலில் பெயர் வராதவர் என்று நம் பிள்ளைகள் பலர் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கடை வைத்து நஷ்டப்பட்டவர்களும், வெளிநாடு போய் வேலை இழந்து திரும்பியவர்களும் அங்கே உண்டு. இவர்கள் மீண்டும் எழுந்து நடக்க என்ன வழி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலமைச்சர் தோற்ற தொகுதி

ராஜபாளையத்தில் 1898-ல் பிறந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. மிகச் சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதல்வரானார்.

அவருடைய ஆட்சியில் நேர்ந்த ஒரு பெரிய பின்னடைவு நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அன்று சென்னை மாகாணத்தில் 'வகுப்புவாரி ஆணை' நடைமுறையில் இருந்தது. கல்லூரியில் 14 இடங்கள் இருந்தால் அவற்றில் ஒன்று முஸ்லிம்களுக்கு என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று. குடியரசு பிறந்த 1950-லேயே அந்த ஆணையை எதிர்த்து வழக்கு வந்தது. ஆணை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் அரசு தோற்றது.

பிரச்சினை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. தலைவர்கள் டெல்லியை வலியுறுத்தினார்கள். தீர்ப்பு வந்த இரண்டே மாதங்களில், 1951 ஜூனில், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படித்தான் பிறந்தது. 2007-ல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கும், அதில் இன்று மருத்துவம், பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளின் இடங்களுக்கும் வேர் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. இரண்டு நீதிமன்றங்களில் தோற்ற பிறகு கிடைத்த வழி அது.

அடுத்த அடி குமாரசாமி ராஜாவுக்கே விழுந்தது. 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், முதலமைச்சராக இருந்துகொண்டே, பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் அவர் தோற்றுப் போனார். சொந்த மண்ணில், எல்லோரும் அறிந்த முகத்தோடு தோற்பது எவ்வளவு கசப்பானது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பொதுவாழ்வு அத்துடன் நின்றுவிடவில்லை. 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பதவி போனாலும் பணி செய்ய வேண்டும் என்ற நோக்கம் அவரிடமிருந்து போகவில்லை.

நோக்கம் வேறு, வாசல் வேறு

இங்கே நாம் கற்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். நோக்கத்தையும் அதற்கான ஒரு வாசலையும் நாம் ஒன்றாக எண்ணிக்கொள்கிறோம். "டாக்டராக வேண்டும்" என்று சொல்லும் பிள்ளையிடம் "ஏன்?" என்று கேட்டால், "நோயாளிகளுக்கு உதவ வேண்டும்" என்பார். அந்த நோக்கத்துக்குச் செவிலியர் படிப்பு, மருந்தாளுநர் படிப்பு, இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் என்று பல வாசல்கள் இருக்கின்றன. மீண்டும் ஒரு முறை நீட் எழுதுவதும் ஒரு வாசல். எதைத் தேர்ந்தாலும், ஒரு கதவு சாத்தப்பட்டதால் வீடே இடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நபி (ஸல்) அவர்களின் வரலாற்றிலும் இதையே காண்கிறோம். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்த துயர ஆண்டில், ஆதரவு தேடி தாயிஃப் சென்றார்கள். அங்கே கல்லடிதான் கிடைத்தது. அந்த மக்களை அழித்துவிடவா என்று வானவர் கேட்டபோதும் அண்ணலார் இசையவில்லை. அவர்களின் சந்ததியில் அல்லாஹ்வை வணங்குவோர் வருவார்கள் என்று நம்பினார்கள். பின்னர் மதீனாவின் வாசல் திறந்தது. ஹிஜ்ரி 9-ல் அதே தாயிஃப் மக்களின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றது.

"அப்படிச் செய்திருந்தால்..." என்ற வலை

தோல்விக்குப் பிறகு நம்மை அதிகம் முடக்குவது ஒரு சொல்தான். "அந்த கோச்சிங் சென்டரில் சேர்ந்திருந்தால்", "அந்த வருடம் கடை போடாமல் இருந்திருந்தால்" என்று மனம் அரைத்துக்கொண்டே இருக்கும். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நபிமொழி இதற்கு மருந்து சொல்கிறது. உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் காட்டு, அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே. பாதிப்பு நேர்ந்தால், இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று சொல்லாதே, அது ஷைத்தானுக்கு வழி திறந்துவிடும் என்பது அதன் கருத்து.

இந்த அறிவுரையின் வரிசையைக் கவனியுங்கள். முயற்சி முதலில் வருகிறது, பிறகு துஆ, பிறகு தளராமை. விளைவை அல்லாஹ்வின் நாட்டம் என்று ஏற்பது கடைசியில்தான் வருகிறது. முயலாமலே "கத்ர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது ஸப்ர் ஆகாது.

அதேபோல், தவறு எங்கே நடந்தது என்று ஆராய்வதும் புலம்பலில் சேராது. ராமேஸ்வரத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக் கடலில் விழுந்தது. விஞ்ஞானிகள் பதிவுகளை ஒவ்வொன்றாக அலசினார்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட அமிலக் கசிவுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1980 ஜூலை 18 அன்று, அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. நம் பிள்ளைகளும் விடைத்தாளை இப்படித்தான் பார்க்க வேண்டும். எந்தப் பாடம், எந்த வகைக் கேள்வி, நேரம் போதவில்லையா, பயிற்சி போதவில்லையா என்று எழுதிப் பார்த்தால் அடுத்த மாத வேலை என்ன என்பது தெரிந்துவிடும்.

பெற்றோர் நிற்க வேண்டிய இடம்

அந்த ராக்கெட் கதையில் பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. தோற்ற நாளில் பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு முன்னால் நின்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். வென்ற நாளில் கலாமைப் பேசச் சொல்லி முன்னால் அனுப்பினார்.

நம் வீடுகளில் பல நேரம் இது தலைகீழாக நடக்கிறது. மதிப்பெண் வந்தால் "என் பிள்ளை" என்கிறோம், தவறினால் "அவன் படிக்கவே இல்லை" என்கிறோம். சொந்தக்காரர்கள் கேட்கும்போது அத்தாவும் அம்மாவும் முன்னால் நின்று, "இந்த முறை கிடைக்கவில்லை, அடுத்த முறை எழுதுகிறான், துஆச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் பிள்ளையின் பாதி பாரம் இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். ஒரு தோல்வியைக் காரணம் காட்டி அவர்களின் படிப்பையே நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

சிறிதானாலும் தினமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் சேர்வது பாலும் சர்க்கரையும்தான். அடுப்பின் முன் நின்று கை ஓயாமல் கிண்டினால்தான் பக்குவம் வரும். சற்று நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. படிப்புக்கும் தொழிலுக்கும் இது பொருந்தும். முதல் வாரம் பத்து மணி நேரம் படித்து, மூன்றாம் வாரம் புத்தகத்தை மூடுவதை விட, பஜ்ருக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் படிப்பது நிலைக்கும். நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வரும் இளைஞருக்கும் அந்த ஒரு மணி நேரம் சாத்தியமே.

வீட்டில் இடமில்லை, சத்தம் அதிகம் என்பவர்களுக்கு நூலகங்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம் 1875-ல் தொடங்கப்பட்டது. நம் ஜமாஅத்துகளும் மாலை நேரத்தில் பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறையை, இரண்டு மேசைகளை, ஒரு செய்தித்தாளைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. கட்டணம் கட்டும் தேதி தெரியாமல் அதையும் தவறவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு நிமிட அறிவிப்பு ஒரு பிள்ளையின் ஓராண்டைக் காப்பாற்றும்.

சிரமத்தோடு எளிமையும் இருக்கிறது என்பதை அஷ்ஷர்ஹ் அத்தியாயத்தில் அல்லாஹ் இரண்டு முறை உறுதி கூறுகிறான். ஒரு வேலை முடிந்ததும் அடுத்த முயற்சியில் இறங்கும்படியும் அதே அத்தியாயம் பணிக்கிறது. இந்த வாரம் நம் தெருவில் அப்படிச் சாத்தியிருக்கும் ஒரு கதவைத் தட்டி, அந்தப் பிள்ளையிடம் நான்கு நல்ல வார்த்தைகள் பேசுவோம். முயற்சி செய்வோருக்கு அல்லாஹ் வழிகளை எளிதாக்குவானாக. ஆமீன்.