தொடையென்பு முறிவும் திருகாணியின் உறுதியும்

முதியவர் ஒருவர் வழுக்கி வீழ்ந்து தொடையென்பின் மேன்முனையை முறித்துக்கொண்டால், சத்திரசிகிச்சையின் பின் வீட்டார் கேட்கும் முதல் வினா, “உள்ளே வைத்த இரும்பு தாங்குமா?” என்பதாகும். ஆயின் உலோகம் முறிதல் ஒப்பளவில் அரிது. அதனைப் பற்றிநிற்கும் நலிந்த என்பு இடங்கொடுத்துவிடுதலே பெரும்பாலும் நிகழ்வது.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் சிமித்-பீற்றர்சன், மூன்று சிறகுடைய ஆணியொன்றைத் தொடையென்பின் கழுத்தூடாகச் செலுத்தும் முறையை 1931இல் வெளியிட்டார். அதற்கு முன்னர் இத்தகைய நோயாளர் பலர் மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடந்தனர். படுக்கைப்புண்ணும் நுரையீரல் அழற்சியும் அவர்களுட் பலரைக் கொண்டுபோயின. ஆகவே, நோயாளியை எழுப்பி நடத்துவதும் ஆணியின் நோக்கமாயிற்று.

கழுத்து முறியுமிடத்துத் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் அறுபடக்கூடும். அப்பொழுது பல வேளைகளிற் செயற்கைத் தலை பொருத்துவர். அது வேறு கதை. கழுத்தின் அடியிலே, தசைகள் பற்றும் புடைப்புக்களிடையே நிகழும் முறிவையே இங்கு கருதுகின்றோம். அங்கே குருதி வளமுண்டு, என்பு பொருந்தும். முன்னாளைய விறைத்த ஆணித்தகடுகளிலோ, முறிந்த துண்டுகள் அமிழ்ந்து நெருங்கும்போது ஆணி பின்வாங்க வழியின்மையால், அதன் முனை தலையைத் துளைத்து மூட்டினுட் புகுதலுண்டு. 1950களில் வழுக்குந் திருகாணிகள் தோன்றின. இவற்றின் தண்டு தகட்டின் குழலினுள்ளே பின்வழுக்கும். துண்டுகள் ஒன்றையொன்று அழுத்தும். பாரத்தின் ஒரு பங்கை என்பே ஏற்கும். விட்டுக்கொடுத்தே உறுதி பெறும் கருவி இது.

இனி, திருகாணியின் முனை எங்கே நிற்றல் வேண்டும்? தவறான இடத்தில் நின்றால், தலை சாய, திருகாணி அதனைக் கீறிக்கொண்டு மேலே வெளிப்படும். 1995இல் அமெரிக்கரான போம்கார்ட்னரும் துணைவரும் ஓர் எளிய அளவை வகுத்தனர். திருகாணியின் முனைக்கும் தொடையென்புத் தலையின் உச்சிக்கும் இடையேயுள்ள தூரத்தை, முன்பக்க எக்ஸ்-கதிர்ப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் அளந்து, படத்தின் உருப்பெருக்கத்தைக் கழித்துக் கூட்டினர். அவர்கள் ஆராய்ந்த 198 முறிவுகளில் 16இல் திருகாணி கீறி வெளிப்பட்டது. ஆயின் கூட்டுத்தொகை 25 மில்லிமீற்றரோ அதனிற் குறைவோ ஆகிய 120இல் ஒன்றேனும் அவ்வாறு வெளிப்படவில்லை. நோயாளியின் வயதையும் என்பின் நலிவையும் சத்திரவைத்தியர் மாற்றவியலாது. இத்தூரமோ அவர் கையிலுள்ளது. முறிந்த துண்டுகளை முதலில் நேராக இணைத்தலும் அவ்வாறே.

“நடந்தால் ஆணி கழன்றுவிடும்” என்று அஞ்சி, வைத்தியர் நடக்கச் சொன்ன பின்னரும் பாட்டியைப் படுக்கையிலே வைத்திருக்கும் வீடுகள் பல. படுக்கையிற் காலை உயர்த்தும்போதும், மலசட்டிக்காக இடுப்பைத் தூக்கும்போதும் தசைகள் இழுக்கும் இழுப்பே மூட்டின்மீது கணிசமான பாரத்தை ஏற்றுகின்றது என்பதை இவர்கள் எண்ணுவதில்லை. கால் சிறிது குறுகுதல் வழுக்குந் திருகாணியில் எதிர்பார்க்கத்தக்கதே. நன்றாக நடந்துவந்தவருக்குத் தொடையிடுக்கிற் புதிதாக நோவு தோன்றினாலோ, கால் சடுதியாகக் குறுகினாலோ, தாமதியாது மறுபடியும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பித்தல் வேண்டும்.