ஃபில்டரை மாத்தினேன், டேங்கைப் பார்க்கலை

ஐ.சி. எஞ்சின் பேப்பர்ல டீசல் ஃபில்டரோட வேலை என்னன்னு ரெண்டு மார்க் கேள்வி வரும். "எரிபொருளில் உள்ள தூசியை நீக்குவது" என்று ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த பதில் எவ்வளவு அரைகுறைன்னு போன ஜூன் மாசம் புரிஞ்சுது.

எங்க மாமாவுக்கு ராமேஸ்வரத்துல ஒரு சின்ன விசைப்படகு இருக்கு. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்கள்ல படகு சும்மாதான் நிக்கும். தடை முடியப் போற வாரம் நான் லீவுல அங்க இருந்தேன். "மாமா, மெக்கானிக்கல்தானே படிக்கிறேன், ஃபில்டரை நானே மாத்துறேன்"னு சொல்லி, கைவசம் இருந்த புது ஃபில்டர் ரெண்டையும் போட்டுட்டேன். ஒரே ஸ்டார்ட்ல எஞ்சின் எடுத்துச்சு. எனக்கு ஒரே பெருமை.

கடலுக்குப் போன மூணாவது மணி நேரம் எஞ்சின் நின்னுடுச்சு. நான் கரையில இருந்தேன். ராமேஸ்வரத்துக்கும் இந்திய–இலங்கை கடல் எல்லைக்கும் நடுவுல இருக்கிறது சில கடல் மைல் தூரம்தான். ஜூன்ல அடிக்கிற தென்மேற்குக் காற்று படகை அந்தப் பக்கமாத்தான் தள்ளும். நல்லவேளை, பாக் விரிகுடா ஆழம் குறைஞ்ச கடல். நங்கூரம் போட்டு நின்னுட்டாங்க. கழட்டிப் பார்த்தா புது ஃபில்டர் முழுக்க கறுப்புச் சேறு. மாத்திப் போட ஸ்பேர் இல்லை. நான் குப்பையில போடச் சொன்ன பழைய ஃபில்டரை மாமா ஒரு கவர்ல சுத்தி வெச்சிருந்தார். அதைப் போட்டு மெதுவா ஓட்டிட்டு வந்தாங்க. வழியில இன்னும் ரெண்டு தடவை நின்னுச்சாம்.

கரைக்கு வந்ததும் மாமா திட்டலை. ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "மாப்ள, ஃபில்டரை மாத்துன, சரி. டேங்குக்கு அடியில என்ன கெடக்குன்னு பாத்தியா?"

டேங்குக்குள்ள தண்ணி எப்படி வருது?

பாதி காலியா இருக்கிற டேங்குல மீதி இடம் முழுக்க காற்று. பகல்ல அது சூடாகும், ராத்திரி குளிரும். காற்றுல இருக்கிற ஈரம் டேங்கோட உள்சுவர்ல துளித்துளியா படிஞ்சு கீழே இறங்கும். மூடியோட வாஷர் தேஞ்சிருந்தா மழைத்தண்ணியும் கடல்தண்ணியும் கூட சேரும். தண்ணியை விட டீசல் லேசு. அதனால தண்ணி அடியில தங்கிடும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற அந்தக் கோட்டுலதான் நுண்ணுயிர்கள் வளரும். கொழகொழன்னு இருக்கிற அந்தக் கறுப்புச் சேறு அவங்க வேலைதான். 61 நாள் அசையாம நிக்கிற டேங்க் அவங்களுக்கு நல்ல வசதி.

கரையில எஞ்சின் ஸ்டார்ட் பண்ணினப்போ இந்தச் சேறு அடியிலேயே கிடந்தது. அலையில படகு ஆடினதும் கலங்கி மேலே வந்து, பைப் வழியா நேரா ஃபில்டருக்குப் போயிடுச்சு. கடல் மோசமா இருக்கும்போதுதான் எஞ்சின் நிக்குதுன்னு மீனவர்கள் சொல்றது தற்செயல் இல்லை. எஞ்சின் ரொம்பத் தேவைப்படுற நேரமும் சேறு கலங்குற நேரமும் ஒண்ணுதான்.

ரெண்டு காவலாளிகள்

டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவுல முதல்ல வர்றது வாட்டர் செப்பரேட்டர். இதோட எலிமென்ட் பெரும்பாலும் 10 அல்லது 30 மைக்ரான். (நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான்.) சின்னச் சின்ன தண்ணித் துளிகள் இங்க ஒண்ணு சேர்ந்து பெருசாகி, கீழே இருக்கிற கிண்ணத்துல இறங்கும். அடுத்து எஞ்சின் மேலேயே இருக்கிற ஃபில்டர். இது இன்னும் நுண்ணியது. ஏன்னா இன்ஜெக்டர் ஊசியைச் சுத்தி இருக்கிற இடைவெளியே சில மைக்ரான்தான். அங்க உராய்வைக் குறைக்கிறதும் டீசல்தான். தண்ணி போனா அந்த வழுவழுப்பு போயிடும், துரு பிடிக்கும், இன்ஜெக்டர் முனையும் கெடும்.

என்ன செய்யணும்?

முதல்ல டேங்க். ராத்திரி முழுக்க அசையாம விட்டு, காலையில அடியில இருக்கிற டிரெயின் காக்கைத் திறந்து, சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் வாளியில பிடிங்க. காக் இல்லைன்னா ஒரு டியூபை அடி வரைக்கும் விட்டு கைப்பம்பால எடுங்க. படகு ரொம்ப நாள் நிக்கப் போகுதுன்னா டேங்கை நிரப்பி வையுங்க. காற்றுக்கு இடம் இல்லைன்னா ஈரத்துக்கும் இடம் குறைவு.

அடுத்து, ஒவ்வொரு தடவை கிளம்புறதுக்கு முன்னாடியும் எஞ்சினை நிறுத்திட்டு செப்பரேட்டர் கிண்ணத்துல இருந்து கொஞ்சம் டீசலை கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு, பத்து நிமிஷம் வையுங்க. அடியில ஒரு கோடு தெரிஞ்சா அது தண்ணி. கலங்கலாவே இருந்தா தண்ணி டீசலோட கலந்திருக்கு. கறுப்பா நூல் மாதிரி மிதந்தா டேங்கைக் கழுவணும். பிடிச்சதைக் கடல்ல ஊத்தாதீங்க, கரைக்குக் கொண்டு வாங்க.

ஃபில்டரை மேனுவல்ல சொன்ன கணக்குப்படி மாத்துங்க. எஞ்சின் ஃபில்டருக்குள்ள கேன்ல இருந்து நேரா டீசல் ஊத்தாதீங்க. வடிகட்டாத டீசல் நேரா பம்புக்குப் போயிடும். ரப்பர் வாஷர்ல லேசா டீசல் தடவி கையாலயே இறுக்குங்க.

கடைசியா ஏர் எடுக்கணும். பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிக்கிற வரைக்கும் ஹேண்ட் பம்பை அடிச்சு, பம்ப் அடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவை மூடுங்க. லைன்ல காற்று இருந்தா பம்ப் அந்தக் காற்றைத்தான் அமுக்கிக்கிட்டு இருக்கும். இன்ஜெக்டர் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது.

ரெண்டு செட் ஸ்பேர் எப்பவும் படகுலயே இருக்கட்டும். கரையில அலமாரியில இருக்கிற ஸ்பேர் நடுக்கடல்ல உதவாது.

வீட்டுல படகு இல்லைன்னா டிராக்டர் இருக்கலாம், ஜெனரேட்டர் இருக்கலாம். ரொம்ப நாள் சும்மா நின்ன எந்த டீசல் டேங்குக்கும் இதே கதைதான். இந்த வருஷம் ஜூன் 15-க்கு முன்னாடி நான் மறுபடி ராமேஸ்வரம் போறேன். இந்தத் தடவை முதல் வேலை, டேங்குக்கு அடியில வாளி வைக்கிறது.